பூட்டிய கதவும் ‘காலி வீடு’ என்ற குறிப்பும்: அமெரிக்கக் குடிமதிப்பு வரலாற்றில் ஒரு பக்கம்



குடிமதிப்பு என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவில் நிற்பது ஓர் எண் மட்டுமே. நாட்டின் மக்கள்தொகை இத்தனை மில்லியன் என்று பாடநூலில் ஒரு வரி இருக்கும். அதனை மனனம் செய்து தேர்வில் எழுதிவிடுவார்கள். அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதை நாமும் விரித்துச் சொல்வதில்லை. கையில் படிவத்துடன் வெயிலில் நடந்து, கதவைத் தட்டி, பதில் வராமல் திரும்பும் ஒரு சாதாரண ஊழியரிடமிருந்துதான் அது பிறக்கிறது. பதில் வராத கதவுக்கு முன்னால் நின்று அவர் என்ன எழுதுகிறார் என்பதில் ஒரு நாட்டின் கணக்கே அடங்கியிருக்கிறது. ‘ஆள் இருக்கிறார்கள்’ என்று எழுதினால் அவ்வீட்டுக்குள் இருப்போர் நாட்டின் எண்ணிக்கையில் சேர்வார்கள். ‘காலி வீடு’ என்று எழுதினால் அவர்கள் அடுத்த 10 ஆண்டுகளுக்கு இல்லாதவர்களே.

இந்த ஒரு முடிவு எத்தனை முறை தவறியிருக்கிறது, தவறியபோது என்ன நேர்ந்தது என்பதை அறிய அமெரிக்க வரலாறு மிகவும் உதவுகிறது. அங்கே 1790 தொடங்கி 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை இடைவிடாது குடிமதிப்பு நடந்து வருகிறது. தம் கணக்கில் உள்ள குறையைத் தாமே ஆராய்ந்து வெளியிடும் பழக்கமும் அவர்களிடம் உண்டு. எனவே அங்குள்ள சில நிகழ்வுகளைத் தொகுத்து இக்கட்டுரையில் தருகிறேன்.

மூன்றே பெட்டிகள்

முதலில் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணக்கெடுப்பாளரின் பட்டியலில் உள்ள ஒவ்வொரு முகவரியும் மூன்று வகையுள் ஒன்றில் அடங்க வேண்டும். ஒன்று, ஆள் வாழும் வீடு. இரண்டு, காலி வீடு. மூன்று, பட்டியலிலிருந்து நீக்க வேண்டிய முகவரி. அதாவது இடிக்கப்பட்ட வீடு, கடையாக மாறிவிட்ட வீடு, இருமுறை எழுதப்பட்ட முகவரி போன்றவை.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் களத்தில் இறங்கினால் சிக்கல் தெரியும். அமெரிக்கக் குடிமதிப்பின் அடையாள நாள் ஏப்ரல் 1. ஊழியர் கதவைத் தட்டுவதோ மே மாதமோ ஜூன் மாதமோ. ஏப்ரல் 1 அன்று அவ்வீட்டில் ஒரு குடும்பம் வாழ்ந்து, மே மாதம் வேறிடம் சென்றிருந்தால் அவ்வீடு ‘ஆள் வாழ்ந்த வீடு’ என்றே பதிவாக வேண்டும். ஊழியரின் கண்ணுக்குத் தெரிவதோ வெறும் அறைகள். அதேபோல், வீட்டில் ஆட்கள் இருந்தாலும் அவர்கள் அனைவருக்கும் நிலையான இல்லம் வேறிடத்தில் இருந்தால், விதிப்படி அது காலி வீடு. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கும் விதி உண்டு: வெளிச் சன்னல்களும் கதவுகளும் பொருத்தப்பட்டுத் தரையும் முடிந்திருந்தால்தான் அது வீடு, இல்லையேல் அது கணக்கிலேயே வராது.

ஆகவே ஊழியர் கேட்க வேண்டிய கேள்வி, “இப்போது இங்கே ஆள் இருக்கிறார்களா?” என்பது அன்று. “அந்த ஒரு நாளில், இதனைத் தம் வீடாகக் கொண்டு இங்கே வாழ்ந்தவர் யார்?” என்பதே. கண்ணால் பார்த்து மட்டும் இதற்கு விடை காண இயலாது. விசாரித்தே அறிய வேண்டும்.

தலைக்கு இவ்வளவு என்ற கூலி

1790 இல் நடந்த முதல் குடிமதிப்பில் கூட்டரசு மார்ஷல்களும் அவர்களுடைய உதவியாளர்களும் ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்தார்கள். நாட்டுப்புறத்தில் 150 பேருக்கு 1 டாலர், பெரிய நகரங்களில் 300 பேருக்கு 1 டாலர் என்பது உதவியாளரின் கூலி. கிடைத்த தொகை 3,929,214. நான்கு மில்லியனைத் தாண்டும் என்று எதிர்பார்த்திருந்த அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு இதில் மனநிறைவு இல்லை. உண்மைத் தொகை இதைவிடக் கூடுதல் என்றே அவர் கருதினார். ஆக, முதல் கணக்கின் மீதே முதல் ஐயமும் எழுந்துவிட்டது.

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு பெயருக்கு 2 காசு என்று கூலி கொடுத்தார்கள். இந்த ஏற்பாட்டின் விளைவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்றால் எட்டுப் பேர் வாழும் வீட்டில் நல்ல வருமானம். மலைமேல் தனித்து நிற்கும் குடிசைக்கு ஏறிப்போய் ஒருவரையோ இருவரையோ எழுதினால் கால்வலிதான் மிச்சம். பூட்டிய வீட்டுக்கு மறுமுறை போவதும் அவ்வாறே. ஊழியர் சோம்பேறி என்று சொல்வதைக் காட்டிலும், அவருக்குக் கொடுத்த கூலியின் அமைப்பே அவரைச் சில கதவுகளிலிருந்து விலக்கி வைத்தது என்று சொல்வதே பொருத்தம்.

இரட்டை நகரங்களின் போட்டி

பிழை எப்போதும் ஒரு பக்கமே சாயும் என்று எண்ணிவிட வேண்டாம். வாழ்வோரை இல்லை என்று எழுதுவதைப் போலவே, இல்லாதோரை இருக்கிறார்கள் என்று எழுதுவதும் நடந்திருக்கிறது.

மின்னசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்று இரண்டு அண்டை நகரங்கள் உள்ளன. 1890 இல் எது பெரிய நகரம் என்பதில் இரண்டுக்கும் கடும் போட்டி. வணிகமும் முதலீடும் பெரிய நகரத்தைத் தேடி வரும் என்பது அவர்களின் கணக்கு. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மினியாபொலிஸ் கணக்கெடுப்பாளர் சிலர் பொய்ப் பெயர்களை எழுதியதாகக் கைது செய்யப்பட்டனர். பின்னர் விசாரித்தபோது செயின்ட் பால் நகரமும் தூய்மையாக இல்லை என்று தெரியவந்தது. பிறக்காத குழந்தைகள், இறந்துபோனவர்கள், வாடகைக்குத் தங்கியதாகக் கற்பிக்கப்பட்டவர்கள் என்று வீடுகளை நிரப்பியிருந்தார்கள். வேலை செய்யுமிடத்தில் ஒருமுறையும் வீட்டில் ஒருமுறையுமாக எண்ணப்பட்டவர்களும் உண்டு. செயின்ட் பால் இரயில் நிலையத்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் குடியிருப்பதாக எழுதப்பட்டிருந்தது!

இரு நகரங்களிலும் மறுபடி எண்ணினார்கள். மினியாபொலிஸின் தொகை 182,967 இலிருந்து 164,738 ஆகக் குறைந்தது. செயின்ட் பாலின் தொகை 142,581 இலிருந்து 133,156 ஆயிற்று. கழித்துப் பார்த்தால் முதல் நகரத்தில் 18,229 பேரும் இரண்டாம் நகரத்தில் 9,425 பேரும் காகிதத்தில் மட்டுமே வாழ்ந்தவர்கள். மாணவர்களுக்குக் கழித்தல் பயிற்சியாகவும் இதனைக் கொடுக்கலாம்.

போர்க்காலப் பதிவேடு காட்டிக்கொடுத்த உண்மை

வீடுகளையும் தனியே கணக்கெடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1940 இல்தான் தொடங்கியது. பொருளாதாரப் பெருமந்தத்தால் மக்கள் நொடிந்து போயிருந்த காலம் அது. எத்தனை வீடுகள் உள்ளன, எத்தனை காலியாக உள்ளன, எவற்றில் குழாய்நீர் இல்லை என்பது அரசுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஏறத்தாழ 37 மில்லியன் வீடுகள் அவ்வாண்டு பட்டியலாயின.

அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், போர் நெருங்கி வந்ததால், 21 முதல் 35 வயது வரையுள்ள ஆடவர் அனைவரும் இராணுவச் சேவைக்குப் பெயர் பதிய வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடிமதிப்பு நடந்து ஏழு மாதங்கள்கூட ஆகவில்லை. டேனியல் பிரைஸ் என்ற சமூகவியலாளர் இவ்விரு எண்ணிக்கைகளையும் ஒப்பிட்டு 1947 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். குடிமதிப்பு சொன்னதைவிட ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுதலான ஆடவர் பெயர் பதிந்திருந்தனர். கறுப்பின ஆடவரில் இந்த வேறுபாடு 13 விழுக்காடு.

இந்த 13 விழுக்காட்டினர் அனைவரும் ‘காலி வீடு’ என்று எழுதப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள் என்று சொல்ல இயலாது. கணக்கெடுத்த வீட்டிலேயே சிலர் விடுபட்டிருக்கலாம். சில வீடுகள் பட்டியலிலேயே ஏறாமல் போயிருக்கலாம். ஆயினும் ஒன்று தெளிவாயிற்று. பிழை எல்லார்மீதும் சமமாக விழவில்லை. நெருக்கடியான குடியிருப்புகளிலும், அடிக்கடி வீடு மாறும் ஏழைகளிடமும், அரசு ஊழியரைக் கண்டால் ஒதுங்குவோரிடமும் அது கூடுதலாக விழுந்தது. போர்முனைக்கு அழைக்கும்போது இருந்தவர்கள், பங்கு கொடுக்கும் கணக்கில் இல்லாமற் போனார்கள் என்பது வரலாற்றின் கசப்பான உண்மை.

1970: பதினொரு விழுக்காடு

நம் தலைப்புக்கு நேரடியான சான்று 1970 இல் கிடைக்கிறது. அவ்வாண்டு பெரும்பாலான நகரப் பகுதிகளில் படிவத்தை அஞ்சலில் அனுப்பி, அஞ்சலிலேயே திரும்பப் பெற்றார்கள். திரும்பி வராத வீடுகளுக்கு மட்டுமே ஊழியர் சென்றனர். அவ்வாறு சென்றவர்கள் பல வீடுகளைக் காலி என்று எழுதினர். காலி வீடுகளைக் குறித்து ஐயம் எழுந்ததால், குடிமதிப்புப் பணியகம் ‘தேசியக் காலி வீட்டுச் சோதனை’ ஒன்றை நடத்தியது. காலி என்று பதிவான வீடுகளிலிருந்து பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கூறாகத் தேர்ந்தெடுத்து, அவற்றை மீண்டும் போய்ப் பார்த்தார்கள்.

முடிவு அதிர்ச்சி தந்தது. காலி என்று எழுதப்பட்ட வீடுகளில் 11.4 விழுக்காட்டில் உண்மையில் ஆட்கள் வாழ்ந்திருந்தனர்.

இதனை வகுப்பறைக் கணக்காக மாற்றிப் பாருங்கள். ஒரு நகரத்தில் 1,000 வீடுகள் காலி என்று எழுதப்பட்டால் அவற்றில் 114 காலியில்லை. வீட்டுக்கு மூன்று பேர் என்று கொண்டால் 342 பேர் விடுபட்டுப் போகிறார்கள். நாடு முழுமைக்கும் இவ்வாறு பெருக்கினால்? இச்சோதனையின் அடிப்படையில் அமெரிக்க மக்கள்தொகையில் ஒரு மில்லியனுக்கும் அதிகமானோர் சேர்க்கப்பட்டனர். அன்றைய மொத்தத் தொகை 203 மில்லியன். அதில் இது ஏறத்தாழ அரை விழுக்காடு. ஒரு பெரிய நகரத்தின் மக்கள் அனைவரும் ‘காலி’ என்ற சொல்லுக்குள் மறைந்து கிடந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஏன் இப்படி நேர்கிறது?

ஊழியர் அனைவரும் பொய்யர் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் சில உண்மைகள் புலப்படும்.

முதலாவது, காலம். மேலே சொன்னதுபோல் அடையாள நாளுக்கும் களப்பணி நாளுக்கும் இடையே வாரங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் வீடு மாறியவர்களின் பழைய வீடு வெறுமையாக நிற்கும்.

இரண்டாவது, நேரம். இரவுப் பணிக்குச் செல்பவர் பகலில் உறங்குவார். பகல் முழுதும் இரண்டு வேலை செய்பவர் நள்ளிரவில்தான் வீடு திரும்புவார். ஊழியர் காலை பத்து மணிக்கு மூன்று நாள் வந்தாலும் பதில் வராது.

மூன்றாவது, அச்சம். குடிநுழைவு ஆவணம் இல்லாதவரும், அனுமதியின்றி நிலவறையை வாடகைக்கு விட்டவரும், வீட்டு ஒப்பந்தத்தில் குறித்ததைவிட அதிகப் பேரைத் தங்க வைத்தவரும் கதவைத் திறக்கமாட்டார்கள்.

நான்காவது, அண்டை வீட்டாரின் சொல். பலமுறை முயன்றும் ஆளைக் காண முடியாவிட்டால், பக்கத்து வீட்டாரையோ வீட்டு உரிமையாளரையோ கேட்கலாம் என்பது விதி. “அங்கே யாரையும் பார்த்ததில்லை” என்று ஒருவர் சொன்னால் அது சான்றாகிவிடுகிறது. பார்க்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றாகுமா?

ஐந்தாவது, முடிக்க வேண்டிய நெருக்கடி. மேலதிகாரி நாள்தோறும் எத்தனை படிவம் முடிந்தது என்று கேட்பார். திறக்காத கதவுக்கு ஏழாம் முறை செல்வதைவிட ‘காலி’ என்று எழுதிவிட்டால் ஒரு படிவம் முடிந்தது.

வருகைப் பதிவேட்டை நாள்தோறும் கையாளும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இது அயலான செய்தி அன்று. ஒரு மாணவன் இன்று வரவில்லை என்பது ஒன்று. அவன் பள்ளி மாறிவிட்டான் என்பது வேறொன்று. அவன் வந்திருக்கிறான், ஆனால் நூலகத்தில் இருக்கிறான் என்பது இன்னொன்று. மூன்றுக்கும் காலியான நாற்காலிதான் அடையாளம். நாற்காலியைப் பார்த்து மட்டும் பதிவேட்டை நிரப்பினால் என்னவாகும் என்பதை நாம் அறிவோம்.

மறுபார்வையும் நீதிமன்றமும்

1970 இன் பாடத்தைப் பணியகம் மறக்கவில்லை. 1980 முதல், காலி என்றும் நீக்கத்தக்கது என்றும் எழுதப்பட்ட முகவரிகளைக் கூறாக அன்றி, விரிந்த அளவில் மீண்டும் சென்று சரிபார்க்கும் பணி குடிமதிப்பின் ஒரு பகுதியாகவே அமைந்தது. ஒருவர் எழுதியதை வேறொருவர் சரிபார்ப்பது என்பது எளிய முறைதான். ஆனால் மிகவும் பயனுள்ளது.

இருப்பினும் எத்தனை முறை சென்றாலும் விடை தெரியாத வீடுகள் சில எஞ்சும். ஆள் உண்டா இல்லையா, உண்டெனில் எத்தனை பேர் என்பது தெரியாது. 2000 ஆம் ஆண்டில் அவ்வீடுகளுக்குப் பணியகம் ஒரு முறையைக் கையாண்டது. அருகிலுள்ள, அதே வகையைச் சேர்ந்த ஒரு வீட்டின் விவரத்தைக் கொண்டு அவ்வீட்டின் விவரத்தை ஊகித்து நிரப்புவதே அம்முறை. இவ்வாறு நாடு முழுவதும் ஏறத்தாழ 1.2 மில்லியன் பேர் கணக்கில் சேர்ந்தனர். மொத்தத்தில் அது 0.4 விழுக்காடு மட்டுமே.

இந்தச் சிறு தொகைதான் பெரும் வழக்கானது. வட கரோலினாவின் தொகையை இந்த ஊகம் 0.4 விழுக்காடு உயர்த்தியது. யூட்டாவின் தொகையையோ 0.2 விழுக்காடுதான் உயர்த்தியது. மக்கள் பேராளர் அவையில் உள்ள 435 இடங்களில் கடைசி இடம் அதனால் வட கரோலினாவுக்குப் போயிற்று. யூட்டா மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1999 இல் அதே நீதிமன்றம், இடப் பங்கீட்டுக்குக் கூறெடுப்பு முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. அப்படியானால் ஊகித்து நிரப்புவதும் கூறெடுப்புத்தானே என்பது யூட்டாவின் வாதம்.

2002 ஜூன் மாதத்தில் வந்த தீர்ப்பில் நீதிபதி ஸ்டீபன் பிரையர் தந்த விளக்கம் ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். நூலகர் ஒருவர் தம் நூல்களை எண்ண விரும்புகிறார். பத்து அடுக்குக்கு ஓர் அடுக்கை மட்டும் எண்ணி, அதனைக் கொண்டு மொத்தத்தைக் கணிப்பது கூறெடுப்பு. எல்லா அடுக்குகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகையில் நூல் எடுக்கப்பட்ட இடைவெளி ஒன்றைக் கண்டு, அங்கே எத்தனை நூல்கள் இருந்திருக்கும் என்று ஊகிப்பது வேறு. இரண்டாவது, முழு எண்ணிக்கையின் ஓட்டையை அடைப்பது. ஆகவே அது சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பாயிற்று. யூட்டாவுக்கு நான்காவது இடம் 2010 குடிமதிப்புக்குப் பின்னரே கிடைத்தது.

நியூயார்க்கின் குறைபாடு

2010 இல் நியூயார்க் நகரத்தின் தொகை 8,175,133 என்று அறிவிக்கப்பட்டது. நகரத் தலைவர் மைக்கல் புளூம்பெர்க் அதனை ஏற்கவில்லை. குறிப்பாகக் குயின்ஸ் வட்டாரம் 10 ஆண்டுகளில் வெறும் 1,343 பேர்தான் கூடியிருந்ததாம். உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் குடியேறிகள் வந்திறங்கும் வட்டாரம் அது. ஃபிளஷிங்கில் தமிழர் பலரும் அறிந்த விநாயகர் ஆலயம் இருப்பதும் அதே குயின்ஸில்தான். புதிய வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் ஆட்கள் மட்டும் எப்படிக் கூடாமல் போவார்கள்?

நகரத்தின் மக்கள்தொகை அறிஞர்கள் விவரங்களைத் துருவினார்கள். விடை ‘காலி வீடு’ என்ற கட்டத்தில் இருந்தது. 2000 இல் நகரத்தில் ஏறத்தாழ 179,000 ஆக இருந்த காலி வீடுகள் 2010 இல் ஏறத்தாழ 261,000 ஆகியிருந்தன. இது 46 விழுக்காட்டு உயர்வு. அந்த உயர்வும் நகரமெங்கும் பரவி நிற்கவில்லை. தென் புரூக்ளினிலும் வடமேற்குக் குயின்ஸிலும் குவிந்து கிடந்தது. குடியேறிகள் நெருக்கமாக வாழும், ஆளில்லாத வீடே அரிதான தெருக்கள் அவை. பல்லாயிரம் பேர் விடுபட்டனர் என்று நகரம் முறையீடு செய்தது.

எனினும் 8,175,133 என்ற எண் மாறவில்லை. எல்லைக் கோட்டில் நேர்ந்த பிழை, விவரங்களைக் கையாளும்போது நேர்ந்த பிழை ஆகியவற்றையே அந்த முறையீட்டு வழி திருத்தும். கதவுக்கு முன்னால் நின்று ஊழியர் எழுதியதை அது மாற்றாது. களத்தில் செய்த பிழைக்குக் களத்திலேயே மருந்து காண வேண்டும் என்பதே இதன் பொருள்.

நகரம் அடுத்த குடிமதிப்புக்கு முன்னரே வேலையைத் தொடங்கியது. தெருத்தெருவாகச் சென்று கூடுதல் அழைப்புமணிகளையும் அஞ்சல் பெட்டிகளையும் நோக்கினார்கள். ஒரே வீட்டு முகப்பில் மூன்று மணிகள் இருந்தால் உள்ளே மூன்று குடும்பங்கள் இருக்கலாம் அல்லவா? பட்டியலில் விடுபட்டிருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு சேர்ந்தன. 2020 இல் நகரத்தின் தொகை 8,804,190 ஆயிற்று. குயின்ஸ் மட்டும் 2,405,464.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுவதே நேர்மை. 2020 குடிமதிப்புக்குப் பின் பணியகம் நடத்திய சோதனைக் கூறாய்வில், நியூயார்க் மாநிலத்தின் தொகை 3.44 விழுக்காடு மிகையாக எண்ணப்பட்டதாகத் தெரியவந்தது. யூட்டாவிலும் மிகைதான். நாடளவில் பார்த்தால் கறுப்பின மக்கள் 3.30 விழுக்காடும் இஸ்பானிய வழியினர் 4.99 விழுக்காடும் குறைவாக எண்ணப்பட்டனர். கொவிட் பெருந்தொற்றின் நடுவே நடந்த கணக்கு அது. ஒருமுறை மட்டும் சென்று பார்த்துவிட்டு, அஞ்சல் திரும்பி வந்ததையும் வரிப் பதிவேட்டில் எவரும் இல்லாததையும் சான்றாகக் கொண்டு சில வீடுகளைக் காலி என்று முடிவு செய்யும் முறையும் அவ்வாண்டு பயன்பட்டது. பதிவேட்டில் இடம்பெறாத ஏழைக்கு இந்த முறை எவ்வளவு பொருந்தும் என்பது சிந்திக்க வேண்டிய வினா. வெறும் 89 பேர் கூடுதலாக இருந்திருந்தால் நியூயார்க் மாநிலம் ஓர் இடத்தை இழந்திருக்காது என்பதும் அதே ஆண்டின் செய்தி. ஒரு பெரிய அடுக்குமாடியின் இரண்டு மாடிகளில் அவ்வளவு பேர் வாழ்வார்கள்.

ஆசிரியர்களே கணக்கெடுப்பாளர்கள்

இந்தியாவில் இப்பணியைச் செய்வோரில் பெரும் பகுதியினர் நம் இனத்தவர். அதாவது பள்ளி ஆசிரியர்கள்! 2011 இல் ஏறத்தாழ 2.7 மில்லியன் ஊழியர்கள் களமிறங்கினர். முதலில் வீட்டுப் பட்டியல் எடுத்து, பின்னர் மக்களை எண்ணுவது அங்குள்ள முறை. பட்டியலில் ஏறத்தாழ 331 மில்லியன் ‘குடிமதிப்பு வீடுகள்’ இடம்பெற்றன. அவற்றுள் ஏறத்தாழ 25 மில்லியன் காலி. கடை, பள்ளி, கோயில் ஆகியவையும் இந்த வீட்டுக் கணக்கில் அடங்கும். பூட்டிய வீடு வேறு, காலி வீடு வேறு என்று அவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. குடும்பம் ஊருக்குப் போயிருந்தால் அது பூட்டிய வீடுதான். காலி வீடு அன்று. வேலை தேடிப் பருவந்தோறும் இடம்பெயரும் குடும்பங்கள் மிகுந்த நாட்டில் இந்த வேறுபாடு உயிரானது. 2021 இல் நடக்க வேண்டிய குடிமதிப்பு தள்ளிப்போய், 2027 ஐ அடையாள ஆண்டாகக் கொண்டு நடத்த 2025 ஜூனில் அறிவிக்கை வெளியானது.

சிங்கப்பூர் 2000 முதல் வேறு வழியைப் பின்பற்றுகிறது. அடிப்படைத் தொகையை அரசுப் பதிவேடுகளிலிருந்தே எடுத்து, கூடுதல் விவரங்களை ஒரு கூறிடம் மட்டும் கேட்கிறார்கள். முகவரி மாற்றத்தை உடனுக்குடன் பதியும் சிறிய நாட்டில் அது இயலும். மலேசியாவிலோ மக்கள்தொகையும் வீடமைப்பும் சேர்த்தே கணக்கெடுக்கப்படுகின்றன. ஊழியர் நம் வாயிலுக்கும் வருவார்.

நாம் செய்யத்தக்கவை

எண்ணின் அருமை தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நன்கு தெரியும். 150 மாணவர்களுக்குக் கீழ் இருந்தால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற வகைக்குள் ஒரு பள்ளி சென்றுவிடுகிறது. ஒரு வட்டாரத்தில் எத்தனை குடும்பங்கள், எத்தனை சிறார்கள் உள்ளனர் என்பதை வைத்துத்தான் வகுப்பறையும் மருத்துவ நிலையமும் திட்டமிடப்படுகின்றன. தோட்டத்தை விட்டு வெளியேறி, அடுக்குமாடிகளிலும் வாடகை அறைகளிலும் சிதறி வாழும் குடும்பங்கள் கணக்கில் விடுபட்டால், அக்குடும்பங்களின் பிள்ளைகளும் திட்டத்தில் விடுபடுவார்கள்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்பாளர் வரும்போது அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுச் சரிபாருங்கள். பின்னர் கதவைத் திறந்து முழு விவரமும் கூறுங்கள். வாடகைக்கு இருப்பவரையும் கைக்குழந்தையையும் மறவாமல் சொல்லுங்கள். பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டால் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். “இரவில் விளக்கு எரியும், பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள்” என்ற ஒரு வாக்கியம் ஒரு முழுக் குடும்பத்தையும் நாட்டின் கணக்கில் சேர்த்துவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காடு கற்பிக்கும்போது 1970 ஆம் ஆண்டின் 11.4 விழுக்காட்டை எடுத்துக்காட்டாகத் தரலாம். மினியாபொலிஸ் கழித்தலையும் குயின்ஸின் 1,343 பேரையும் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு தெருவின் படத்தை வரைந்து கொடுத்து, “இவ்வீட்டில் ஆள் உண்டா இல்லையா? எதைக் கொண்டு சொல்கிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். செருப்பு, கொடியில் காயும் துணி, நிரம்பி வழியும் அஞ்சல் பெட்டி, வாசற்கோலம் என்று அவர்களே சான்றுகளை அடுக்குவார்கள். எந்தச் சான்று உறுதியானது, எது ஊகம் என்று பிரிக்கக் கற்றுக்கொடுப்பது நம் பணி.

இதே பாடத்தை உங்கள் வகுப்பில் நடத்திப் பார்த்தால் மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை எனக்கும் எழுதுங்கள். குடிமதிப்பு ஊழியராகப் பணியாற்றிய பெற்றோர் எவரேனும் இருந்தால் தங்கள் பட்டறிவைப் பகிர்ந்துகொள்ளலாம், மற்றவர்களுக்கும் பயன்படும்.